நான் ‘நார்மல்’ என்று காட்டிய இதயம்

எங்கள் மருத்துவக் கல்லூரிக்கு அந்தக் கையடக்க எக்கோ கருவி வந்த அன்று, யாரோ மறந்துவிட்டுப் போன செல்போன் என்று நினைத்து அதை எடுத்து டிராயரில் பத்திரமாக வைத்தேன். மடக்கித் திறக்கிற ஜாதி. திறந்தால் உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு திரை. ஒயரின் முனையில் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமனாக ஒரு புரோப். ஜெல்லி தடவி விலா எலும்புகளுக்கு நடுவே அதை வைத்தால், உள்ளே இதயம் துடிப்பது திரையில் தெரியும். அதுவரைக்கும் இதே வேலைக்கு பீரோ அளவில் ஒரு மெஷினைக் கட்டிக்கொண்டு நான் மூன்றாவது மாடி இருட்டறையில் உட்கார்ந்திருந்தேன்.

நான் டாக்டர் இல்லை, எக்கோ டெக்னீஷியன். பிளஸ் டூவுக்குப் பிறகு இதற்கென்றே உள்ள படிப்பைப் படித்தவன். படம் எடுப்பது என் வேலை. அதைப் பார்த்து இன்னது என்று சொல்வது டாக்டர்களின் வேலை. இந்த எல்லையை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் முதல் வாரமே புரிந்துவிடும்.

இதய நோய்ப் பிரிவின் தலைவரை எல்லாரும் மேடம் என்போம். அவர்தான் கூப்பிட்டுச் சொன்னார். "இன்னும் பத்து வருஷத்துல ஸ்டெதஸ்கோப் மாதிரி இது எல்லா டாக்டர் பாக்கெட்லயும் இருக்கும். நம்ம பிள்ளைங்க இப்பவே பழகட்டும். நீ கத்துக்கொடு."

"நானா மேடம்?"

"உன் அளவுக்குச் சுத்தமா வியூ எடுக்க இங்க யாருக்கு வருது? நீ வியூ எடுக்கச் சொல்லிக்கொடு போதும். அர்த்தத்தை நாங்க பார்த்துக்கறோம்."

செவ்வாய், வெள்ளி மதியங்களில் ஆறு ஆறு பேராக மாணவர்கள் வர ஆரம்பித்தார்கள். முதல் நாள் ஒரு பையன் என்னை "சார்" என்றான். பின்னால் மேடம் வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

என் அப்பா இந்தத் தெலுங்கு ஊரின் ஓரத்தில், பட்டான்செருவில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் டிரம் உருட்டுகிறவர். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு பிழைக்க வந்தவர். பள்ளிக்கூடத்து வாசல்படி மிதித்ததில்லை. என் ரிப்போர்ட் கார்டுகளில் எல்லாம் அப்பாவின் கட்டைவிரல் ரேகைதான் இருக்கும். அம்மாவும் அப்படியே. இப்போது ஷிஃப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களிடம், "நம்ம பையன் டாக்டருங்களுக்கே வாத்தியார்" என்று சொல்கிறார் என்று கேள்விப்பட்டேன். நான் திருத்தவில்லை.

வகுப்புக்கு ஒரு ஆள் வேண்டும். படுக்கிற ஆள். சட்டையைக் கழற்றி, இடது பக்கமாக ஒருக்களித்து, இடது கையைத் தலைக்குக் கீழே மடக்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். ஆறு பேரும் மாற்றி மாற்றிப் புரோப்பை வைத்து அழுத்துவார்கள். நோயாளிகள்மீது புதுசாகப் பழக விடக் கூடாது என்று மேடம் சொல்லியிருந்தார். மாணவர்கள் தங்களுக்குள் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டுச் சிரித்தார்களே தவிர யாரும் படுக்கவில்லை. ஒரே ஒரு பையன் படுத்தான். அப்பா சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய பதவியில் இருக்கிறவர். பிள்ளை நல்ல சாப்பாட்டில் வளர்ந்தவன். அவன் நெஞ்சில் வெறும் பனிமூட்டம்தான் தெரிந்தது. சதை குறைந்த நெஞ்சுதான் படத்துக்கு நல்லது. விலா எலும்பு எண்ணுகிற மாதிரி இருந்தால் புரோப் வைத்த இடத்தில் கண்ணாடி போலத் தெரியும். அப்படிப்பட்ட நெஞ்சுகள் எங்கள் ஆஸ்பத்திரியில் யாரிடம் இருந்தன என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் இரண்டு இருந்தன.

லிஃப்ட்காரரைக் கேட்டேன்.

ஐம்பது வயதிருக்கும். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். அவர் தமிழில் பாதி அந்த ஊர் உருதுதான். காலை எட்டு மணிக்கு லிஃப்டுக்குள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். ஏறும்போது எனக்கு எந்த மாடி என்று அவர் கேட்டதே இல்லை. நான் உள்ளே கால் வைக்கிறபோதே மூன்றை அழுத்திவிடுவார்.

"அண்ணே, அரை மணி நேரம் படுக்கணும். ஏசி ரூம். டீயும் எக் பஃப்பும் வரும்."

"படுத்துக்கிட்டே டூட்டியா? இந்த வேலைக்குத்தான் தம்பி நான் பொறந்ததே."

அவருடைய நெஞ்சு அற்புதமான நெஞ்சு. முதல் தடவையிலேயே நான்கு கோணத்து வியூவும் விழுந்தன. ஒரு இதயம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. மாணவர்களுக்குத் தெலுங்கும் இங்கிலீஷுமாகச் சொல்லிக் காட்டினேன். "இந்த இடது அறையைப் பாருங்க, எப்படிச் சுருங்குது. சுருங்கி விரியறப்ப இந்த வால்வோட இதழ் எழுந்து நடுச்சுவரைத் தொட்டுட்டு வருது பாருங்க. கதவை வேகமாத் திறந்தா பின்னால சுவத்துல இடிக்குமே, அந்த மாதிரி. இடிக்குதா? அப்ப நார்மல்."

வகுப்புக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒவ்வொருவரும் நான்கு வியூ எடுத்து, படத்தைப் பதிவு செய்து, "நார்மல், சார்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் புரோப்பை அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். ஆறு பேர், ஆறு நார்மல். கடைசியில் நானும் ஒரு தடவை சொல்வேன். அவர் எழுந்து டிஷ்யூவால் ஜெல்லியைத் துடைத்துக்கொண்டு, "ஹவ், நார்மல்" என்று உருதுவில் ஆமாம் போட்டுத் தானும் ஒன்று சேர்த்துக்கொள்வார். பசங்கள் சிரிப்பார்கள்.

அவருக்கு ஓ.பி. சீட்டு கிடையாது. ரிப்போர்ட் கிடையாது. பெயர்கூட எந்த நோட்டிலும் இல்லை. அவர் நோயாளி இல்லையே.

மழைக்காலத்தில் ஆரம்பித்தோம். சங்கராந்தி லீவு முடிந்து மூன்றாவது குழு வந்தது. அதில் ஒரு பெண். ஹப்சிகுடாவில் வீடு, அப்பா ஏதோ மத்திய அரசு ஆய்வகத்தில். நான் வாய் தவறித் தமிழில் ஏதாவது சொன்னால் அவள் மட்டும் நிமிர்ந்து பார்ப்பாள். பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். எதையும் நிதானமாகச் செய்வாள். மற்றவர்கள் அவளுக்கு ஸ்லோ மோஷன் என்று பேர் வைத்திருந்தார்கள். முதல் வகுப்புக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. அதனால் அவளுக்கு மட்டும் தனியாக, அவளுடைய தோழியைப் படுக்க வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஒல்லியான பெண். அது ஒரு திங்கள்கிழமை. அந்தத் தோழியின் இதயம்தான் அவள் பார்த்த முதல் இதயம்.

மறுநாள் செவ்வாய் மற்றவர்களோடு வந்தாள். லிஃப்ட்காரர் வழக்கம்போலச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் படுத்திருந்தார். ஐந்து பேர் முடித்தார்கள். ஐந்து நார்மல். இவள் புரோப்பை வைத்தாள். படம் வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்லும்மா."

"சார், இதழ் சுவரைத் தொடலை" என்றாள், இங்கிலீஷில்.

பின்னாலிருந்து ஒருவன், "அவளுக்கு எல்லாமே ஸ்லோ மோஷன்லதான் தெரியும் சார்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"ஆங்கிள் தப்பு. கையைக் கொடு." புரோப்பை வாங்கினேன். கொஞ்சம் சாய்த்தேன். ஒரு விலா கீழே இறக்கினேன். என் கை எடுத்த படத்தில் ஆங்கிள் தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. இதழ் பாதி எழுந்து, ஏதோ யோசிக்கிற மாதிரி நின்று, திரும்பியது. சுவர் தூரத்தில் இருந்தது.

அத்தனை மாதம் அந்த அறையில் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்தது. பிள்ளைகளின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது, புரோப்பில் உள்ள குறி வலது தோளைப் பார்க்கிறதா, படம் தெளிவாக விழுந்ததா. படத்துக்குள் இருந்த இதயத்தை முதல் வாரம் பார்த்ததுதான்.

ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நார்மல்தான்" என்றேன். "நீ இன்னும் கொஞ்சம் பழகணும்."

அவள் நார்மல் என்று சொல்லவில்லை. புரோப்பைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள்.

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கருவியைத் திறந்தேன். முதல் குழு பதிவு செய்த படங்கள் அப்படியே இருந்தன. மழைக்காலத்துப் படத்தை ஓடவிட்டேன். இதழ் சுவரில் தட்டித் தட்டித் திரும்பியது. பிறகு அன்றைய படம். அறை பெரிதாகி, சுவர் மெலிந்து, சுருக்கம் பேருக்குத்தான் இருந்தது. நடுவில் இருந்த படங்களையும் பார்த்தேன். வாரத்துக்கு வாரம் வித்தியாசம் தெரியவே இல்லை. முதலையும் கடைசியையும் வைத்துப் பார்த்தால்தான் தெரிந்தது. இரண்டாவது குழுவில் பாதிப்பேருக்கும் மூன்றாவது குழுவில் ஒருத்தியைத் தவிர எல்லோருக்கும், தளர்ந்துபோன ஒரு இதயத்தைக் காட்டித்தான் இதுதான் சரியான இதயம் என்று நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

உடனே மேடத்திடம் போயிருக்க வேண்டும். மேடம் அடுத்த அறையில்தான் இருந்தார். பேச்சுச் சத்தம்கூடக் கேட்டது. ஆனால் அவர் முதலில் என்ன கேட்பார் என்று யோசித்தேன். எப்போதிருந்து? அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த பதிலை நினைத்துப் பார்த்தேன். என் வேலை அப்போது காண்ட்ராக்ட். ஆனால் அது மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். சார் என்று கூப்பிட்டார்களே, அதுவும்தான்.

புதன்கிழமை நான் லிஃப்டில் ஏறவில்லை. படியில் போனேன். வியாழக்கிழமையும் படி. இரண்டு நாளும், நாளைக்குப் பெரிய மெஷினில் ஒருதரம் பார்த்துவிட்டுச் சொல்லலாம், அவசரப்படக் கூடாது, டெக்னீஷியன் நோய் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே நல்ல நல்ல காரணமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் மதியம் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் வார்டுகளுக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் மட்டும் ஓடியது. லிஃப்ட் நின்றுவிட்டது. நான் சாப்பிடக் கீழே இறங்கினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் லிஃப்ட்காரர் படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது. வாய் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்துத் தெரிந்தது.

"அண்ணே!"

கையைக் காட்டி இரு என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு சிரிக்கப் பார்த்தார்.

"லிஃப்ட்காரனுக்கு... படி ஏறத் தெரியலை தம்பி."

"எதுக்கு ஏறினீங்க?"

"உங்களைப் பார்க்கத்தான். ரெண்டு நாளா நம்ம வண்டியில ஏறலையே நீங்க. கைக்கு, ஏன் தம்பி, என்ன கோபம் எங்கிட்ட? நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனா?"

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்புறம் கீழே ஓடி வீல்சேரும் இரண்டு பேரும் கொண்டு வந்தேன். கரண்ட் இல்லாததால் நாற்காலியோடு தூக்கிக்கொண்டுதான் மூன்றாவது மாடிக்குப் போனோம். "நக்கோ, நக்கோ, வேண்டாம், நான் நடப்பேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கரண்ட் வந்ததும் பெரிய மெஷினில் மேடமே பார்த்தார். இருக்க வேண்டிய பலத்தில் பாதிகூட இல்லை என்றார். மழைக்காலத்தில் ஏதாவது காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வந்தது, பத்து நாள் படுத்திருந்தேன், அப்புறம் சரியாகிவிட்டது என்றார் லிஃப்ட்காரர். அப்படி ஒரு காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இதயத் தசை மெல்ல மெல்லத் தளர்ந்துபோகும், இவருக்கு அதுவாக இருக்கலாம், முன்னாலேயே வந்திருந்தால் மாத்திரையிலேயே இன்னும் நன்றாகப் பிடித்திருக்கலாம் என்றார் மேடம்.

வெளியே வந்து என்னிடம் கேட்டார். "நீ எப்படிக் கண்டுபிடிச்சே?"

"படியில மூச்சு வாங்கிட்டு உட்கார்ந்திருந்தார் மேடம்."

அது உண்மைதான். அதனால் இன்னும் மோசமாக இருந்தது.

அட்மிட் செய்தார்கள். மறுநாள் அவர் மனைவி செகந்திராபாத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். கையில் டிபன் கேரியர். "நீங்கதானே அந்தத் தம்பி? வீட்டுல ஓயாம உங்க பேச்சுதான். நீங்க இல்லேன்னா என்ன ஆயிருக்குமோ" என்று, எலுமிச்சஞ்சாதமும் அப்பளமும் எனக்கென்று தனியாக ஒரு டப்பாவில் கொடுத்தார். அதை எக்கோ அறைக்குக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். மூடியைத் திறக்க முடியவில்லை. சாயங்காலம் அப்படியே வீட்டுக்கு எடுத்துப்போனேன். அம்மா சாப்பிட்டுவிட்டு உப்பு கொஞ்சம் தூக்கல் என்றாள்.

சனிக்கிழமை காலை கருவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வார்டுக்குப் போனேன். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவி மருந்து வாங்கப் போயிருந்தார். திரையைத் திறந்து இரண்டு படங்களையும் காட்டினேன்.

"இது மழைக்காலத்துல எடுத்தது அண்ணே. இது இந்த செவ்வாய்க்கிழமை."

"ரெண்டும் நானா?"

"நீங்கதான்."

மாற்றி மாற்றிப் பார்த்தார். படிக்காதவருக்கும் அது தெரியும். ஒன்று வேகமாக அடித்துக்கொண்டது. இன்னொன்று களைத்துப்போயிருந்தது.

"நான் பார்த்திருக்கணும் அண்ணே. மூணு மாசம் முன்னாலயே பார்த்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை பார்த்தும் சொல்லலை."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தப் பொண்ணு ஏதோ சொல்லுச்சே. இங்கிலீஷ்ல. எல்லாரும் சிரிச்சீங்க."

"ஆமாண்ணே."

"நீங்க நார்மல்னீங்க."

"ஆமா."

"எனக்கு இங்கிலீஷ் வராது தம்பி. ஆனா அந்த ஒரு வார்த்தை தெரியும்." மூச்சு எடுத்துக்கொண்டார். "தீபாவளியிலிருந்தே ராத்திரி தலைக்கு ரெண்டு தலகாணி வச்சாத்தான் தூக்கம். வீட்டுக்காரி தினம் சண்டை போடுவா, போய் டாக்டரைப் பாரு, போய் டாக்டரைப் பாருன்னு. நான் என்ன சொல்லுவேன் தெரியுமா? அடி போடி, வாரத்துக்கு ரெண்டு தடவை ஆறு டாக்டருங்க எனக்கு மெஷின் வச்சுப் பார்க்குறாங்க, எல்லாரும் நார்மல்னு சொல்றாங்க, எந்தப் பணக்காரனுக்கு இப்படி செக்கப் நடக்குதுன்னு."

நான் கருவியை மடக்கினேன். அது செக்கப் இல்லை, பசங்கள் கை பழகுகிற வகுப்பு என்று ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படுங்கள் என்று கேட்டபோது டீயையும் பஃப்பையும் மட்டும்தான் சொன்னேன்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி" என்றார். "நர்ஸம்மாவைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க." அவ்வளவுதான்.

அன்றைக்கே மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் நாற்காலியில் பின்னால் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார். கத்துவார் என்று நின்றேன்.

"வியூ மட்டும் சொல்லிக்கொடு, அர்த்தம் வேண்டாம்னு சொன்னது நான்தானே" என்றார். "ஆனா செவ்வாய்க்கிழமை நீ பார்த்தே. அது நான் சொன்னதுல வராது." பிறகு, "அந்தப் படங்களை அழிச்சிடாதே" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டாவது, மூன்றாவது குழுக்களைச் சேர்த்து வரவழைத்தேன். இரண்டு படங்களையும் பெரிய திரையில் போட்டேன். இங்கிலீஷில் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து சொன்னேன். நான் உங்களுக்கு நார்மல் என்று காட்டியது நார்மல் இல்லை. அது கண்ணில் பதிந்திருந்தால் அழித்துவிடுங்கள். இதோ, இதுதான் சரியான இதயம். ஒருவன் கையைத் தூக்கி, அப்படியானால் டெஸ்டில் நார்மல் என்று எழுதினோமே, அந்த மார்க் என்ன ஆகும் என்று கேட்டான். ஹப்சிகுடாப் பெண் கடைசி வரிசையில் இருந்தாள். அவளிடம், "நீ சொன்னதுதான் சரி, எல்லார் முன்னாலயும் சிரிச்சதுக்கு மன்னிச்சிக்கோ" என்று தமிழில் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அவருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள். முதல் தடவையாகத் தமிழில்.

வீட்டில் சொன்னபோது அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "உன்னை எடுத்துடுவாங்களா?" எடுக்கவில்லை. இப்போது வகுப்பில் முதலில் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுப்பது நான்தான். என் நெஞ்சும் அப்பா நெஞ்சு மாதிரிதான், படம் நன்றாக விழும். வேறு யார் படுத்தாலும் அதற்கு முன்னால் மேடமோ இன்னொரு டாக்டரோ முழுசாகப் பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும். இது செக்கப் இல்லை என்று அவரவர் மொழியில் சொல்லியாக வேண்டும்.

லிஃப்ட்காரர் ஒன்றரை மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். மாத்திரைகளில் கொஞ்சம் தேறியிருந்தார். முழுசாகத் தேறாது என்று மேடம் சொல்லிவிட்டார். அவருக்கு வேறு வேலை கொடுக்கலாமா என்று ஆபீஸில் பார்த்தார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை அதுதான் என்று அங்கேயே விட்டார்கள்.

அவர் வந்த முதல் நாள் காலையில் நான் லிஃப்ட் வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு உள்ளே போனேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சட்டை தொளதொளவென்று இருந்தது. நான் வேண்டுமென்றே பேசாமல் இருந்தேன். கதவு மூடியது. அவர் விரல் பட்டன்களுக்கு முன்னால் நின்றது.

"எந்த மாடி, சார்?" என்றார்.

"மூணு" என்றேன்.